‘பழசு’ என்றேன், ‘ம்’ என்றேன்

ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து, ஓய்வுபெற்ற என்னை ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். "உங்க சாதனைகள எழுதுங்க டாக்டர், நாங்க படிச்சுக் கத்துக்கிறோம்" என்று உங்களில் ஒரு பெண் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி, கீழே இரண்டு கைகூப்பும் படங்களையும் போட்டிருந்தாள். கோலாலம்பூரில், என் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். சாதனை என்று எழுதினால் அரைப் பக்கத்துக்கு மேல் தேறவில்லை. அந்த அரைப் பக்கத்திலும் எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு முழங்கால் மட்டும் தானாக வந்து எதிரே நின்றது, எழுதாமல் நகரமாட்டேன் என்றது. அதை எழுதுகிறேன். இதில் நான் நல்லவளாக எங்கும் வரமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வாயைப் பற்றி உங்கள் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். "எண்ணிப் பாத்தியா, இல்ல குத்துமதிப்பா சொல்றியா?" என்று நான் கேட்காத பயிற்சி மருத்துவரே கிடையாது. கேட்டு, அழவிட்டு, பிறகு கேன்டீனுக்குக் கூட்டிப்போய் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்வேன். கறாரான பொம்பளை என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நான் உள்ளூர ரசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முழங்காலின் சொந்தக்காரரை மாரிமுத்து என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய உண்மைப் பெயரில்லை. கிள்ளான் பக்கம் பண்டமாரான்காரர். போர்ட் கிள்ளானிலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டியவர். மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட இடது முழங்கால் சில வருடங்களில் தேய்ந்துபோக, செயற்கை மூட்டு வைத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெல்ல வலி தொடங்கியது. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை, தோலைத் தொட்டால் லேசான சூடு, அவ்வளவுதான். உள்ளே கிருமி இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பல மாதங்கள் ஆயின. மூட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டுக் கட்டியை அந்த இடத்தில் தற்காலிகமாக வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை ஓரளவு அடங்கியது. இனி கட்டியை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்கலாமா, கூடாதா? அந்தக் கேள்வியின் ஒரு துண்டுதான் என் மைக்ரோஸ்கோப்புக்கு வந்தது.

லோரிக்காரருக்கு இடது கால் என்றால் கிளட்ச். அது மடங்கி நீண்டால்தான் பிழைப்பு. இது எனக்கு அன்றைக்கே தெரியும், ஏனென்றால் சர்ஜன் முந்தின நாள் கேன்டீனில் என்னிடம் சொல்லியிருந்தார். "அக்கா, அந்த ஆளு ஒவ்வொரு தடவையும் ஒண்ணேதான் கேக்கறாரு. டாக்டர், கிளட்ச் மிதிக்க முடியுமா? வேற எதுவும் கேக்க மாட்டேங்கறாரு."

இந்த சர்ஜனின் பெயரையும் எழுதப்போவதில்லை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். அவரும் கிள்ளான், நானும் கிள்ளான். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் டாக்டர், அவருக்கு மட்டும் அக்கா. அவர் அப்படிக் கூப்பிடும்போது எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். ஆங்கிலத்திலும் மலாயிலும் ஓடும் அந்தக் கட்டடத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் தொலைபேசியில் எப்போதும் தமிழ்தான். அதில் ஒரு பெருமையும் இருந்தது. தமிழில் பேசினால் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்ளவே முடியாது என்று நம்பினோம்.

ஃப்ரோசன் என்று நாம் சொல்வது உங்களுக்குத் தெரியும். வெளியாட்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். நோயாளி மேசையில் மயக்கத்தில் இருப்பார், காலைத் திறந்து வைத்திருப்பார்கள். உள்ளிருந்து ஒரு சின்னத் திசுத்துண்டு நம்மிடம் ஓடிவரும். அதைச் சட்டென்று உறையவைத்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடியில் பார்த்து, இருபது நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். எலும்பு மூட்டு விஷயத்தில் நாம் தேடுவது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவை. பெரிதாக்கிய ஒரு வட்டத்தில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்து, அப்படிப்பட்ட வட்டங்கள் ஐந்து கிடைத்தால், கிருமி இன்னும் இருக்கிறது என்று அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே காலை வாரும் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான். நம் ஹைவேயில் விபத்து நடந்தால் ஆம்புலன்ஸுக்கு முன்னால் வண்டி இழுக்கும் டோ டிரக்குகள் வந்து நிற்குமே, நியூட்ரோஃபில் அந்த மாதிரி. புதுச் சண்டைக்கு முதலில் ஓடிவரும், கூட்டம் போடும், சத்தம் போடும். நாள்பட்ட எலும்புத் தொற்றில் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். கிருமிகள் உலோகத்தின் மேலும் செத்த எலும்பின் மேலும் பசைபோல் ஒரு படலத்தைப் பூசிக்கொண்டு உள்ளே சுருண்டு கிடக்கும், சில எலும்பின் அணுக்களுக்குள்ளேயே நுழைந்துகொள்ளும். அப்போது அங்கே இருப்பவை லிம்ஃபோசைட், பிளாஸ்மா செல் என்ற வேறு வகை வெள்ளணுக்கள். வருடக்கணக்கில் இழுக்கும் கேஸுக்குக் கோப்பைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு நடக்கும் குமாஸ்தாக்களைப் போல, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருப்பவை. போதாக்குறைக்கு, உடம்பே சண்டையை அடக்கிவைக்கும் அணுக்களையும் அங்கே அனுப்பிவிடும். டோ டிரக் போய்விட்டது என்பதால் கேஸ் முடிந்துவிடாது. பிளாஸ்மா செல்லை மட்டும் வைத்துக் கிருமி இருக்கிறது என்று அடித்துச் சொல்லவும் முடியாது, சிமெண்டுக் கட்டி வைத்த இடத்தில் அது சும்மாவும் வரும். ஆகவே அந்த மாதிரி ஸ்லைடுக்கு நேர்மையான பதில் ஒன்றுதான்: எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அன்று முற்பகல் துண்டு வந்தது. சீவிக் கொடுத்தது எங்கள் மூத்த டெக்னீஷியன், எல்லோரும் காக் நோர், அதாவது நோர் அக்கா, என்று கூப்பிடும் மலாய்க்காரப் பெண்மணி. அவர் கை அவ்வளவு சுத்தம். நான் பார்த்தேன். ஒரு வட்டத்தில் இரண்டு நியூட்ரோஃபில், இன்னொன்றில் மூன்று, ஓர் இடத்தில் நான்கு. ஐந்து எங்குமே வரவில்லை. ஆனால் சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றிப் பிளாஸ்மா செல்கள் கொத்துக்கொத்தாக இருந்தன. நான்கு வந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு திசு மடிந்து கிடந்தது. அந்த மடிப்புக்குள் இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம் என்று தோன்றியது. இன்னொரு சீவல் கேட்டிருக்கலாம். ஐந்து நிமிடம் கூடியிருக்கும்.

கேட்பதற்குள் போன் அடித்தது. ஒரு நர்ஸ் சர்ஜனின் காதோரம் ரிசீவரைப் பிடித்திருந்திருக்க வேண்டும், அவர் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்டது.

"அக்கா, நாந்தான். காலத் தொறந்து வெச்சிட்டு நிக்கிறேன். நல்லதா சொல்லுங்க லா."

"அஞ்சு வரல தம்பி. அங்கங்க ரெண்டு மூணு இருக்கு. மத்ததெல்லாம் பழசு."

"பழசா? அப்ப போடலாம்."

‘போடலாமா’ என்று அவர் கேட்கவில்லை. ‘போடலாம்’ என்றார். கடைசியில் ஒரு ‘ஆ’ இல்லை. இருந்திருந்தால் நான் யோசித்திருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு ஒரு விநாடி கிடைத்தது. அந்த ஒரு விநாடியில் மடிந்து கிடந்த திசு கண்ணில் நின்றது, பிளாஸ்மா செல் கொத்துகள் நின்றன, ‘தம்பி, இருங்க’ என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அக்கா நல்லது சொன்னாள் என்று இருக்கட்டுமே என்று பட்டது.

"ம்" என்றேன்.

போனை வைத்த பிறகு காக் நோர் என்னைப் பார்த்தார். தொலைபேசியில் முடிவு சொன்னால், கேட்டவர் அதை அப்படியே திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அது நடந்ததா என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை.

"டோக்தோர், தாக் பாச்சா பாலிக்?" என்றார். திருப்பி வாசிக்கவில்லையா என்று அர்த்தம்.

"சுடா, காக்," என்றேன். ஆயிற்று என்று. அது பொய். இந்தக் கதையில் நான் சொன்ன முதல் முழுப் பொய் அதுதான்.

"என்ன சொன்னதா எழுத?" என்று மலாயில் கேட்டார்.

"க்ரோனிக் இன்ஃப்ளமேஷன்னு எழுதுங்க." நாள்பட்ட அழற்சி.

அவர் எழுதினார். எழுதிவிட்டுப் பேனா மூடியைப் போட்டுக்கொண்டே, "அவ்வளவு சின்னப் பேச்சுல அவ்வளவும் சொல்லிட்டீங்களா?" என்றார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகவே வியந்தார். தமிழ் சுருக்கமான மொழிபோல என்று நினைத்திருப்பார்.

அதற்கப்புறம் உட்கார்ந்து எழுத்து ரிப்போர்ட்டைத் தட்டினேன். அதில் எல்லாம் இருந்தது. நாள்பட்ட அழற்சி, ஏராளமான பிளாஸ்மா செல்கள், வீரியம் குறைந்த தொற்று இல்லையென்று உறுதியாகச் சொல்ல இயலாது, மற்றப் பரிசோதனைகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும். ஒரு குறையும் சொல்ல முடியாத ரிப்போர்ட். அது வார்டுக்குப் போய்ச் சேரும்போது மாரிமுத்துவின் முழங்காலில் புது உலோகம் பொருத்தித் தையலும் போட்டுவிட்டார்கள். போனில் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு, சந்தேகத்தைக் காகிதத்தில் பத்திரப்படுத்திக்கொண்டேன். அப்போது எனக்கு அது தந்திரமாகத் தெரியவில்லை, வழக்கமான வேலையாகத்தான் தெரிந்தது.

எட்டு ஒன்பது நாள் கழித்து, அன்றைக்கு எடுத்த துண்டுகளில் மூன்றில் ஒரே கிருமி மெதுவாக முளைத்தது என்று, கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் பக்கத்து ஆய்வகம் சொன்னது. ஒன்றில் வந்திருந்தால் தோலிலிருந்து ஒட்டியிருக்கும் என்று தள்ளியிருக்கலாம். மூன்றில் வந்தால் தள்ள முடியாது. மருந்தை மாற்றினார்கள், கழுவினார்கள். புது உலோகத்தில் கிருமி குடியேறிவிட்டால் பிறகு கிளப்புவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். தையலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை விழுந்து கசியத் தொடங்கியது. கடைசியில் மூட்டை எடுத்துவிட்டுத் தொடை எலும்பையும் கெண்டைக்கால் எலும்பையும் ஒன்றாக இணைத்துவிட முடிவு செய்தார்கள். கால் இருக்கும், நிற்கலாம், நடக்கலாம், ஆனால் மடங்காது.

நாம் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. நமக்கு ஒரு நம்பர், ஒரு துண்டு, ஒரு கண்ணாடி. அந்த வசதி இருந்தும் நான் வார்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, அது மட்டும் நிச்சயம். யாரையோ தேடுகிற மாதிரி வாசலில் நின்றேன். மாரிமுத்து பக்கத்துக் கட்டில்காரரிடம் ஏதோ ஏற்றத்தில் லோரி பின்னால் நழுவிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உற்சாகமான பேச்சு. சொல்லச் சொல்ல, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த இடது பாதம் தானாகக் கீழே அழுந்தியது, எழுந்தது, மறுபடி அழுந்தியது. கிளட்ச் மிதிக்கிறார் என்று எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும், "டாக்டர், இந்த ஆப்பரேஷன் முடிஞ்சா லோரி ஓட்டலாம் தானே?" என்று கேட்டார். அவரிடம் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். இன்னொரு வாயிலிருந்து வேறு பதில் வராதா என்று பார்த்தார்.

"உங்க டாக்டர்கிட்ட கேளுங்க," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

பிறகு விசாரணைக் கூட்டம். சிக்கலான கேஸ்களை எல்லாத் துறையும் உட்கார்ந்து அலசும் வழக்கமான கூட்டம்தான், ஆனால் அன்று ஒரு நிர்வாக அதிகாரியும் இருந்தார். தலைமை வகித்தவர் ஒரு சீன மருத்துவர், நிதானமான மனிதர். பதிவேடு மேசையில் இருந்தது. க்ரோனிக் இன்ஃப்ளமேஷன், திருப்பி வாசிக்கப்பட்டது, நேரம், காக் நோரின் கையெழுத்து. பக்கத்திலேயே என் அப்பழுக்கில்லாத ரிப்போர்ட்.

தலைவர் சர்ஜனிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: இதைக் கேட்ட பிறகும் ஏன் புது மூட்டு வைத்தீர்கள்?

சர்ஜன் மெதுவாகச் சொன்னார்: "எனக்குப் போனில் இப்படிச் சொல்லப்படவில்லை. பழசு என்று சொன்னார்கள். நாங்கள் தமிழில் பேசினோம்."

அறையில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். தலைவர் என் பக்கம் திரும்பினார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், டாக்டர்?

என் வார்த்தைக்கு என்னையே மொழிபெயர்ப்பாளராக உட்காரவைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். பழசு என்றால் முடிந்துபோனது. பழைய செருப்பு, பழைய சண்டை. நாள்பட்டது என்றால் இன்னும் நடந்துகொண்டே இருப்பது. ஸ்லைடில் இருந்தது இரண்டாவது. என் வாயிலிருந்து போனது முதலாவது. புதிதாக வரும் வீக்கத்தின் அணுக்கள் இல்லை, பழைய வீக்கத்தின் அணுக்கள்தான் இருக்கின்றன என்று என் மண்டைக்குள் நீளமாக ஓடியதை ஒரே வார்த்தையாகச் சுருட்டி வீசிவிட்டேன். அது அந்தப் பக்கம் போய் விழும்போது வேறொன்றாக விழுந்தது. இதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான், அந்த நிமிடம்தான்.

"அதற்கு க்ரோனிக் என்று அர்த்தம்," என்றேன்.

அகராதியைப் புரட்டினால் என்னைப் பிடிக்க முடியாது. சர்ஜன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் காத்திருந்தார். அக்கா இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நம்பிக் காத்திருந்தார். ‘ம்’ என்ற இன்னொரு சொல்லும் இருந்ததே, அதை அவள் சொல்லுவாள் என்று. அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அவர் மேசையைப் பார்த்துக் குனிந்துகொண்டு, "ஓகே," என்றார். "நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது."

அதுவே பதிவாயிற்று. தொலைபேசி முடிவைச் சரிவரப் புரிந்துகொள்ளாமல் செயல்பட்டார் என்று எச்சரிக்கைக் கடிதம். மூட்டு மாற்று அறுவைகளைப் பல மாதம் இன்னொருவர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும் என்று ஒரு நிபந்தனை. எனக்கு ஒன்றுமில்லை. இன்னும் சொன்னால், ஆய்வகத்தின் ஆவணப் பராமரிப்பு நன்றாக இருந்தது என்று கூட்டக் குறிப்பில் ஒரு வரி வந்தது. அந்த வரியை அன்று இரண்டு முறை படித்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமெல்லாம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி, அதைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த ஃப்ரோசனுக்கு அவரிடமிருந்து போன் வந்தபோது அவர் ஆங்கிலத்தில் பேசினார். "குட் மார்னிங், டாக்டர்." நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் திருப்பி வாசித்தார். விதிப்படி எல்லாம் ஒழுங்காக நடந்தது. அதன் பிறகு அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. இரண்டு வருடம் கழித்து மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். பிரிவு விருந்தில் எல்லோரும் கைகுலுக்கினார்கள், நானும் குலுக்கினேன்.

இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்குமுன் அவருடைய நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன், பழசு, ம், காக் நோரிடம் சொன்ன பொய், எல்லாம். எழுதப்போகிறேன், உங்களைக் கேட்காமல் எழுதக்கூடாது என்றும் சொன்னேன்.

அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "எழுதுங்க டாக்டர்," என்றார். "ஆனா ஒண்ணு. எனக்கும் அது நல்ல செய்தியா வேணும்னு இருந்துச்சு. நானும் கேட்டிருக்கலாம், போடலாமான்னு."

அவர் பெருந்தன்மைக்காரர். அவர் பங்கை அவர் எடுத்துக்கொண்டார் என்பதற்காக என் பங்கு குறைந்துவிடாது. அதோடு, தமிழில் பேசினாரே தவிர, அக்கா என்று வரவில்லை, டாக்டர் டாக்டர்தான்.

உங்களிடம் இப்போது நல்ல கருவிகள் வந்துவிட்டன. மூட்டு நீரில் எந்த வெள்ளணு எத்தனை, எது களைத்துப்போயிருக்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்றெல்லாம் பிரித்துச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டீர்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனாலும் ஏதோ ஒரு முற்பகலில், ஒரு கால் திறந்திருக்கும்போது, உங்களுக்குப் பிடித்த ஒருவர் போனில் நல்ல செய்தி கேட்பார். உங்கள் கண்ணாடியில் நான்கு இருக்கும், ஐந்து இருக்காது. சந்தேகம் இருந்தால் அதை வாயால் சொல்லுங்கள், அதுவும் முதல் வாக்கியத்திலேயே. ரிப்போர்ட்டில் எழுதி வைத்துக்கொள்வது உங்களைக் காப்பாற்றும், மேசையில் இருப்பவரைக் காப்பாற்றாது. சொல்லியிருந்தால் மாரிமுத்துவின் கால் பிழைத்திருக்குமா என்று கேட்டால் தெரியாது. இன்னொரு முறை சிமெண்டு, இன்னும் சில வாரம் மருந்து, பிறகும் தோற்றிருக்கலாம். அந்த ஒரு வாய்ப்பு அவருக்கு இருந்தது. அதை நான் ஒரு ‘ம்’மில் எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதவைத்தது நீங்கள் அனுப்பிய செய்தி மட்டுமல்ல. அது வந்த வாரம், கிள்ளானில் இருக்கும் தங்கையைப் பார்க்கக் கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறினேன். சாயங்காலக் கூட்டம். சுபாங் ஜெயாவில் இன்னும் கொஞ்சம் கூட்டம் ஏறியது. காவலாளிச் சட்டை போட்ட ஒருவர் கைத்தடியோடு ஏறினார். எனக்கு எதிர் இருக்கையில் இருந்த பையன் எழுந்து இடம் கொடுத்தான். அவர் மெதுவாக உட்கார்ந்து, இடது காலை இரண்டு கையாலும் பிடித்து, நடைபாதையில் நேராக நீட்டி வைத்தார். அது மடங்கவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொருவரிடமும் அவர் "சாரி அண்ணே", "சாரி அக்கா", "மாஆஃப், காக்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பழகிப்போன குரல், சலிப்பே இல்லை.

அந்த வயதில் மடங்காத கால் உள்ளவர்கள் கிள்ளான் பக்கம் எத்தனையோ பேர் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரயில் ஷா ஆலம் ஸ்டேஷனை நெருங்கி வேகம் குறைந்தது. நீட்டியிருந்த காலின் பாதம் தானாகக் கீழே அழுந்தியது. ரயில் மறுபடி கிளம்பும்போது மெல்ல எழுந்தது.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். வெள்ளைக் கோட்டு இல்லை, நரைத்த தலை, மடியில் தங்கைக்கு வாங்கிய பலகாரப் பை. அவருக்கு என்னைத் தெரிய வழியே இல்லை. தன் காலணி என் சேலைக் கரையில் படுகிறதே என்றுதான் பார்த்திருக்கிறார்.

"சாரி ஆன்டி," என்றார். "கால் மடங்காது."

சொல்லுவதற்கு எனக்கு நிறைய இருந்தது. கிள்ளான் வரைக்கும் நேரமும் இருந்தது.

"பரவால்லப்பா," என்றேன்.